கொண்டை கருகிய மூன்று கோழிகள்

வடக்கு மினசோட்டா
ஜனவரி 8, 1996

டெல்ஃபினாவுக்கு,

நவம்பரில் இரண்டு தடவை போன் செய்தேன். முதல் தடவை என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாய். அடுத்த தடவை உன் அக்கா எடுத்து, "அவ தூங்குறா" என்றாள். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு யாரம்மா தூங்குவார்கள்? போகட்டும். இந்தக் கடிதத்தைக் கிழிப்பதானால் கோழி விஷயத்தைப் படித்துவிட்டுக் கிழி.

ஆர்வோவின் கோழிகளில் மூன்று மிச்சம் இருக்கின்றன. அன்றைக்கு நெருப்பிலிருந்து தப்பிப் பனியில் வந்து விழுந்தவை ஆறு. ஒன்றைப் பருந்து கொண்டுபோயிற்று, இரண்டு வயதாகிச் செத்தன. நீ சென்யோரா என்று பெயர் வைத்த அந்தச் சாம்பல் வரிக்கோழி இன்னும் இருக்கிறது, அதே திமிரோடு. விறகுக் கொட்டகையில் ஒரு மூலையைப் பலகை அடித்துத் தடுத்து மூன்றையும் அங்கே வைத்திருக்கிறேன்.

இப்போது இரண்டுக்குக் கொண்டை நுனியிலிருந்து கருத்துக்கொண்டு வருகிறது. காலையில் போய்ப் பார்த்தால் சுவரின் உள்பக்கம் முழுக்கப் பனி பூத்திருக்கிறது. கூரையிலிருந்து சொட்டுகிறது. ஒரு பொட்டுக் காற்று உள்ளே வர வழியில்லை. கூரைக்குக் கீழே இருக்கிற காற்றுத் துவாரங்களில் ஆர்வோவின் கம்பளிச் சட்டைகள் ஐந்தைத் திணித்து அடைத்துவிட்டேன். அப்படியும் கருக்கிறது.

நாற்பது வருஷமாகக் கோழி வளர்ப்பவள்தான் நான். ஆனால் எங்கள் காலத்தில் கோழி செத்தால் சூப். என் பிள்ளை ஆர்வோ தலையெடுத்துத்தான் எல்லாவற்றையும் மாற்றினான். குளிர் நாட்களில் அவன் என்னென்ன செய்தான் என்று அவன் பின்னாலேயே திரிந்த உனக்குத்தான் தெரியும். மாசக் கடைசியில் மைனஸ் ஐம்பது வரை போகும் என்று ரேடியோவில் சொல்கிறார்கள். அதற்குள் பதில் போடு.

நீ கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன்: சூடு காட்டுகிற விளக்கு எதுவும் மாட்டவில்லை.

லெம்பி


யூமா, அரிசோனா
ஜனவரி 14, 1996

அத்தைக்கு,

கிழிக்கத்தான் எடுத்தேன். சென்யோராவின் பெயரைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது.

இரண்டு வருஷம். கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து அட்டை கிடையாது. ஆர்வோவின் இறுதிப் பிரார்த்தனை அன்றைக்குச் சர்ச்சில் என் வரிசையில் ஒரு ஆள் வந்து உட்காரவில்லை. பக்கத்து வீட்டு வெர்னா என் முகத்தைப் பார்க்காமலே காபிக் கோப்பையை நீட்டினாள். நீங்கள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு வாயைத் திறக்காமல் நின்றீர்கள். இப்போது கோழிக்குக் கொண்டை கருத்ததும் மருமகள் ஞாபகம் வந்துவிட்டது.

கோழிகள் ஒரு பாவமும் செய்யவில்லை. அதனால் எழுதுகிறேன்.

முதல் வேலையாக அந்தச் சட்டைகளைப் பிடுங்கி எறியுங்கள். ஆர்வோ என்னிடம் நூறு தடவை சொல்லியிருக்கிறான்: "குளிரு கோழியக் கொல்லாதுடி. ஈரந்தான் கொல்லும். அது விடுற மூச்சு வெளிய போகலேன்னா அந்த ஈரமே கொண்டையில உக்காந்து உறைஞ்சிரும்." மேலே துவாரம் திறந்திருக்க வேண்டும். கோழி உட்காரும் உயரத்தில் மட்டும் காற்று அடிக்கக் கூடாது.

கீழே கிடக்கிற எருவை அள்ளாதீர்கள். அதன் மேலேயே புது வைக்கோலைப் போட்டுக்கொண்டு வாருங்கள், அடியில் மக்கி மக்கிச் சூடு கொடுக்கும். உட்காரும் கட்டை உருண்டையாக இருந்தால் மாற்றிவிட்டுப் பட்டையான பலகையாகப் போடுங்கள். அப்போதுதான் வயிற்று இறகால் விரலை மூடிக்கொள்ள முடியும். கொண்டைக்கும் தாடிக்கும் வாஸ்லின் தடவுங்கள். சாயங்காலம் அடைவதற்கு முன்னால் ஒரு கை சோளம், காலையிலும் மாலையிலும் வெதுவெதுப்பாகத் தண்ணீர். அவ்வளவுதான். கோழி தன் அடுப்பைத் தானே சுமந்துகொண்டு திரிகிற ஜீவன் என்பான்.

நான் கோழிகளுக்காகப் பரிதாபப்பட்டபோது காபி மேஜையில் எல்லோர் முன்னாலும், "கோழிக்குக் கம்பளி பின்னிப் போடலியாம்மா?" என்று கேட்டீர்கள். இன்றைக்கு நீங்களே ஐந்து சட்டை கொடுத்திருக்கிறீர்கள்.

அந்த ஐந்தில் பச்சைச் சட்டை இருக்கிறதா? இருந்தால் அதைத் துவைக்காமல் எனக்கு அனுப்புங்கள்.

டெல்ஃபினா


வடக்கு மினசோட்டா
ஜனவரி 20, 1996, சனிக்கிழமை

டெல்ஃபினாவுக்கு,

பச்சைச் சட்டையை நேற்றே வெர்னா கையில் கொடுத்துத் தபாலில் போடச் சொல்லிவிட்டேன். கோழி நாற்றம்தான் அடிக்கிறது. நான் முகத்தை வைத்துப் பார்த்தேன், வேறு ஒன்றும் இல்லை. உன் மூக்குக்கு ஏதாவது கிடைக்கலாம்.

நீ சொன்னது சரி. துவாரங்களைத் திறந்த மறுநாளே சுவர் காய்ந்துவிட்டது. பாலைவனத்துக்காரியிடம் பாடம் கேட்டேன் என்று வெர்னாவிடம் சொன்னேன், அவள் சிரிக்கவில்லை. வாஸ்லின் தடவும்போது சென்யோரா என் கட்டை விரலைக் கொத்திவிட்டது. ரத்தம் வந்தது. பேனா பிடிக்கக் கஷ்டமாக இருக்கிறது, எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

அது மட்டும் காரணமில்லை. இன்றைக்குச் சனிக்கிழமை.

அவன் போனதிலிருந்து, நாம் ஆவிக் குளியல் போடுகிற சவுனாவில் நான் அடுப்பு மூட்டவே இல்லை. நாற்பது வருஷம் சனிக்கிழமை தவறாமல் புகை வந்த புகைபோக்கியில் இப்போது ஏதோ பறவை கூடு கட்டியிருக்கிறது. ஆனாலும் சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குச் சவுனாக் கதவு சாத்துகிற சத்தம் கேட்கிறது. அப்புறம் காலடி. பூட்ஸ் போட்ட கால் இந்தக் குளிர்ப் பனியில் கிறீச்சென்று கத்தும், உனக்குத் தெரியும். இது வெறுங்கால். ஈரமான வெறுங்கால் ஓடுகிறது. சமையலறை ஜன்னலைத் தாண்டிப் பழைய கோழிக் கொட்டகை எரிந்த இடத்துக்குப் போய் நிற்கிறது. காலையில் பார்த்தால் பனியில் ஒரு தடமும் கிடையாது.

போன வாரம் குரலும் கேட்டது. "அம்மா" என்றது. கோழிகளை அவன் அப்படிக் கூப்பிட மாட்டானே என்று நினைத்துச் சிரித்தேன். சிரிப்பை நிறுத்த முடியவில்லை. சத்தம் கேட்டு வந்த வெர்னா, "ரெண்டு வாரம் எங்க வீட்டுல வந்து இருடி லெம்பி. இந்த வீட்டுல ஒத்தையில இருந்தா உனக்குப் பித்துப் பிடிச்சிரும்" என்றாள். நான் போகவில்லை. அவன் வந்து பார்க்கும்போது வீட்டில் யாரும் இல்லையென்றால்?

உன்மேலும் எனக்குக் கோபம் உண்டு. ஜனவரியில் மண் கல்லாக இறுகிக் கிடந்தது. சவப்பெட்டியைச் சர்ச் கிடங்கில் வைத்து நான்கு மாசம் காத்திருந்தோம். மே மாதம் மண் இளகி அவனைப் புதைத்தபோது பெண்டாட்டி வரவில்லை. ஒரு பிடி மண் போட என் கை மட்டும்தான் இருந்தது.

லெம்பி


யூமா, அரிசோனா
ஜனவரி 26, 1996

அத்தைக்கு,

சட்டை வந்தது. கோழி நாற்றத்துக்கு அடியில் கழுத்துப் பட்டியில் கொஞ்சம் அவன் இருக்கிறான். நன்றி.

மே மாதம் ஏன் வரவில்லை என்று கேட்கிறீர்கள். டிக்கெட் வாங்கினேன். பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருந்தேன். பஸ் வந்தது, போனது. கொன்றவள் எந்த முகத்தோடு மண் போட வருவாள்?

அந்தச் சனிக்கிழமை காலையில் அந்தச் சூட்டு விளக்கைக் கூரைக் கட்டையில் மாட்டியது நான்தான். உங்கள் காபி மேஜையில் எல்லோரும் சிரித்த பிறகு ஆர்வோ என் காதில், "போயி கழட்டிருடி, இவங்க வாயில விழாத" என்றான். போனேன். விளக்கை இறக்கக் கோழி உட்காரும் கட்டையில் ஏற வேண்டும், கை விறைத்துப் போயிருந்தது, பிளக்கை மட்டும் பிடுங்கிவிட்டு வந்தேன். பிடுங்கினேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். கையுறை போட்ட கைக்கு அந்தப் பிளக் இறுகி இருந்து சட்டென்று வந்தது கூட ஞாபகம் இருக்கிறது. ஆனால் விசாரிக்க வந்த அதிகாரி, உருகிப்போன பிளக் சுவரிலேயே ஒட்டிக்கொண்டிருந்ததைக் காட்டினார். அப்படியானால் நான் பிடுங்கவில்லை. பிடுங்கியதாக நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இங்கே என்ன செய்கிறேன் தெரியுமா? சாலட் கீரை கட்டும் கிடங்கில் வேலை. குளிர் அறையில் யாரும் நிற்க மாட்டார்கள், நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்தால் எல்லாப் பிளக்கையும் பிடுங்கிவிட்டுத்தான் படுக்கிறேன். விளக்கு வயரைக் கையில் பிடித்துக்கொண்டே தூங்குகிறேன், காலையில் பிடுங்கியதற்குச் சாட்சி வேண்டுமே. போன வாரம் அக்கா மகள், "சித்தி, ஃபிரிட்ஜையும் பிடுங்கிட்டியா? பாலெல்லாம் புளிச்சுப் போச்சு" என்று கத்தினாள். அக்கா பாலைக் கொட்டிவிட்டு வேலைக்குப் போனாள். அவள் திட்டாமல் இருப்பதுதான் தாங்கவில்லை.

அவன் கோழிகளைக் காப்பாற்றத்தான் எரிகிற கொட்டகைக்குள் போனான் என்று அதிகாரியிடம் சொன்னேன், பாதிரியாரிடம் சொன்னேன், உங்களிடமும் சொன்னேன். ஆனால் அதற்கு முந்தைய விஷயத்தை உங்களிடம் நேராகச் சொன்னதே இல்லை. இப்போது எழுத்தில் எழுதுகிறேன். உங்கள் மகனைக் கொன்றது நான். என்னை மன்னிக்கச் சொல்லவில்லை. நான் சொன்னேன் என்று உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

டெல்ஃபினா


வடக்கு மினசோட்டா
பிப்ரவரி 1, 1996

டெல்ஃபினாவுக்கு,

மைனஸ் நாற்பத்தெட்டு. சுவரில் ஆணிகள் துப்பாக்கி மாதிரி வெடிக்கின்றன. கோழிகள் நன்றாக இருக்கின்றன. மூன்றும் பலகையில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. சென்யோரா இந்தக் குளிரிலும் ஒரு முட்டை போட்டது, நான் போவதற்குள் உறைந்து பிளந்துவிட்டது.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். காபி பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது.

எழுத வேண்டியது ஒன்று இருக்கிறது. வெர்னா தபாலுக்குப் போகக் காரை அணைக்காமல் நிறுத்தியிருக்கிறாள், அணைத்தால் இந்தக் குளிரில் மறுபடி கிளம்பாது. அதனால் இது மட்டும் இன்றைக்கு.

நீ பிளக்கைப் பிடுங்கினாய். எனக்குத் தெரியும்.

லெம்பி


வடக்கு மினசோட்டா
பிப்ரவரி 3, 1996, சனிக்கிழமை

டெல்ஃபினாவுக்கு,

உன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. காத்திருந்தால் தைரியம் போய்விடும்.

அன்றைக்கு ஆர்வோ முதல் ஆளாகச் சவுனாவுக்குப் போனான். ஆண்கள் முதலில், பெண்கள் பிறகு, அதுதானே நம் வீட்டு வழக்கம். நீ சமையலறையில் மீன் சூப் வைத்துக்கொண்டிருந்தாய். நான் உருளைக்கிழங்குத் தோலை எடுத்துக்கொண்டு கோழிகளிடம் போனேன். எல்லாம் பந்து மாதிரி உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. சென்யோரா ஒரு காலைத் தூக்கும், அதை வைத்துவிட்டு அடுத்த காலைத் தூக்கும். விளக்கு நீ மாட்டிய இடத்திலேயே தொங்கியது. வயர் வைக்கோலில் கிடந்தது. பிளக்கைப் பிடுங்கித்தான் போட்டிருந்தாய்.

எனக்குப் பாவமாக இருந்தது. இந்த ஒரு வரியை எழுத எனக்கு இரண்டு வருஷம் ஆகியிருக்கிறது. காலையில் வெர்னா முன்னால் உன்னைக் கேலி செய்தவள் சாயங்காலம் அதே விளக்கைப் போட்டாள் என்று தெரிந்தால் என்ன ஆகும்? யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். அரை மணி நேரம் எரியட்டும், யாருக்கும் தெரியாமல் வந்து பிடுங்கிவிடலாம் என்று பிளக்கைச் செருகினேன். கொட்டகை முழுக்கச் சிவப்பாயிற்று. கோழிகள் தொண்டைக்குள் ஒரு சத்தம் போடுமே, அதைப் போட்டன. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அப்புறம் நிலவறையில் உருளைக்கிழங்கு எடுக்க இறங்கினேன். அழுகினதைப் பொறுக்கி எறிய உட்கார்ந்தேன். உட்கார்ந்தவள் உட்கார்ந்ததுதான். மேலே ஏறி வந்தபோது சிவப்பு வெளிச்சத்தைப் பார்த்து, என் விளக்கு இவ்வளவு தூரம் தெரிகிறதே, எல்லோரும் பார்த்துவிடுவார்களே என்றுதான் முதலில் பயந்தேன். வீம்பு பிடித்த கிழவிக்கு அந்த நேரத்திலும் அந்தப் பயம்தான் வந்தது.

"யாரு விளக்கு மாட்டுனது?" என்று அதிகாரி கேட்டார். "மருமகதான், காலையிலயே மாட்டுனா" என்று வெர்னா சொன்னாள். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் நீ, "நாந்தான்" என்றாய். நான் வாயை மூடிக்கொண்டேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். நாள் ஆக ஆகச் சொல்வது கஷ்டமாகிக்கொண்டே போயிற்று.

நேற்று வெர்னாவிடம் சொல்லிவிட்டேன். கோப்பையை வைத்துவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு வாசல் வரை போனாள். அங்கேயே நின்று, "அந்தப் பொண்ணு முகத்தக்கூடப் பாக்காம காபி குடுத்தனே, பாவி" என்றாள். என்னைச் சொன்னாளா, தன்னைச் சொன்னாளா தெரியவில்லை. நாளைக்குச் சர்ச்சில் எல்லோரிடமும் சொல்வேன். இந்தக் கடிதத்தை நீ யாரிடம் வேண்டுமானாலும் காட்டு.

எனக்கு ஒரே ஒரு பிடிதான் மிச்சம் இருக்கிறது. அவன் தன் கோழிகளுக்காகப் போனான். அவன் குணம் அது, யார் சொன்னாலும் கேட்டிருக்க மாட்டான். அதைப் பிடித்துக்கொண்டுதான் காலையில் எழுந்திருக்கிறேன். ஆனால் சனிக்கிழமைகளில் அந்தக் குரல் "அம்மா" என்கிறது. நீதான் பக்கத்தில் நின்றாய். உள்ளே போகும்போது அவன் என்ன சொன்னான்? அதை மட்டும் எழுது. வேறு எதுவும் வேண்டாம்.

லெம்பி


யூமா, அரிசோனா
பிப்ரவரி 9, 1996
(தபாலில் சேர்க்காதது)

லெம்பி,

இனி அத்தை என்று எழுத என் கை வராது. இரண்டு வருஷமாக வயரைப் பிடித்துக்கொண்டு தூங்கியவள் எழுதுகிறேன். நீங்கள் தினமும் நாளைக்கு என்றீர்கள். எனக்கு ஒவ்வொரு நாளும் அந்தச் சனிக்கிழமையாகவே இருந்தது. பாவமாக இருந்ததாம். கோழியின் காலைப் பார்த்துப் பாவப்பட்டவருக்கு என்னைப் பார்த்தால் படவில்லையா?

கேட்டீர்கள் அல்லவா, சொல்கிறேன்.

நீங்கள் தோலை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனதை ஜன்னலில் பார்த்தேன். திரும்பி வந்ததைப் பார்க்கவில்லை. நிலவறைக் கதவு வீட்டுக்கு அந்தப் பக்கம். நெருப்பைப் பார்த்ததும் சவுனாவுக்கு ஓடிக் கதவை அடித்து, "ஆர்வோ! கொட்டகை எரியுது! அத்தை உள்ள இருக்காங்க!" என்று கத்தினேன். துண்டு கூட இல்லாமல் ஓடினான். "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டேதான் உள்ளே போனான். அவன் ஒரு கோழியையும் தொடவில்லை. அவன் திறந்த கதவு வழியாக அவை தாமாகவே பறந்து வந்து விழுந்தன. அவன் இன்னும் உள்ளே போனான்.

அப்போதுதான் நீங்கள் உருளைக்கிழங்கோடு வந்து நின்றீர்கள். கூரை அப்போது விழவில்லை. "அத்தை இங்க இருக்காங்க, வெளிய வா" என்று நான் ஒரு சத்தம் போட்டிருந்தால் வந்திருப்பான். எனக்கு வாய் வரவில்லை. உங்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். கூரை விழுந்தது.

இதை ஏன் சொல்லவில்லை தெரியுமா? மகன் கோழிக்காகச் செத்தான் என்று திட்டிக்கொண்டாவது ஒரு தாய் உயிரோடு இருந்துவிடுவாள். தன்னைத் தேடிப் போய்ச் செத்தான் என்று தெரிந்தால் இருக்க மாட்டாள் என்று நினைத்தேன்.

இப்போது உயிரோடு இருந்து பாருங்கள்.


யூமா, அரிசோனா
பிப்ரவரி 11, 1996

அத்தைக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய். கோபம் தீர எத்தனை வருஷம் ஆகுமோ தெரியாது. சர்ச்சில் சொன்னீர்களா, அதற்கு யார் என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள், தெரிந்துகொள்ள வேண்டும்.

நேற்று ஒரு பிளக்கையும் பிடுங்காமல் படுத்துப் பார்த்தேன். தூக்கம் வரவில்லை. இன்னொரு நாள் பார்க்கலாம்.

அங்கே வெயில் வந்ததும் பனி இளகித் தரை ஈரமாகும். அந்தச் சமயத்தில் வைக்கோலை இரட்டிப்பாகப் போடுங்கள். கருத்த கொண்டையைக் கிள்ளாதீர்கள், தானாக உதிரும். வெர்னா கூப்பிட்டால் அவள் வீட்டுக்குப் போய் இருங்கள், சனிக்கிழமைகளில் மட்டுமாவது.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: அவன் ஒன்றும் சொல்லவில்லை. கதவைத் திறந்து கோழிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வெளியே வீசினான். ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே வீசினான். ஆறு வரை எண்ணியது எனக்குக் கேட்டது. நான் பக்கத்தில்தான் நின்றேன்.

டெல்ஃபினா